நிற்கும் வரை

மெல்ரோய்க்கு நான் 'அவர்' போடுவதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஒருவனை அவன் இவன் என்று எழுதலாமா என்று பிறகு யாரும் என் கடைக்கு வந்து நியாயம் கதைக்கக்கூடாது. அவன் எனக்கு ஒரு தீமையும் செய்யவில்லை. செய்தது அஞ்சலியக்காவுக்கு. எனக்கு அது காணும்.

அஞ்சலியக்கா என்றால் அஞ்சலினா ரீச்சர். திருகோணமலையில் ஓ.எல். சோதனைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கிற வீடுகளில் அந்தப் பெயரைக் கேளாதவர்கள் குறைவு. உட்துறைமுக வீதியிலிருந்து இறங்குகிற எங்கள் ஒழுங்கையில் ஒரு பக்கம் என்னுடைய போட்டோக்கொப்பிக் கடை, எதிர்ப்பக்கம் அவருடைய பச்சைக் கேற். கேற்றுக்கு உள்ளே சின்ன முற்றம், அதைத் தாண்டினால் விறாந்தை. அந்த விறாந்தையில்தான் கொம்பியூட்டர் வகுப்பு நடக்கும். பின்னேரம் பிள்ளைகள் கதிரைகளை இழுக்கிற சத்தம் கேட்டதும் நான் என் மெசினை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பேன். நிரலாக்கத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒழுங்கையைக் கடந்து வந்து என் காதில் விழுந்ததுதான்.

அக்கா கலியாணம் கட்டவில்லை. ஒருகாலம் துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் வேலை செய்தவர். தாய் மாகிரட் அன்ரி விழுந்து இடுப்பு முறிந்ததும் அந்த வேலையை விட்டுவிட்டு வீட்டோடு வகுப்புத் தொடங்கினார். நல்ல கோபக்காரி. கோபம் வந்தால் கத்தமாட்டார், குரல் இறங்கும். மற்றவர்கள் கோபித்து மறந்துவிடுகிற இடத்தில் இவர் கோபித்து வைத்துக்கொள்வார். கந்தோரில் தன்னை ஒருமுறை ஏளனமாகக் கதைத்த கணக்காளரை, அவர் ஓய்வுபெற்ற பிறகும் மாதா கோயில் பூசையில் சமாதானம் சொல்லும் நேரத்தில் கை கொடுக்காமல் கடந்துபோவார். எனக்கு அவரிடம் பிடித்த குணங்களில் அதுவும் ஒன்று.

சுற்று என்ற பாடத்தை அவர் படிப்பிக்கிற விதம் வேறு யாருக்கும் வராது. பாடப் புத்தகத்தில் அதற்கு மீள்செயல் என்று பெயர். அக்கா அந்தச் சொல்லைக் கரும்பலகையில் ஒருதரம் எழுதிவிட்டு அழித்துவிடுவார்.

"கொம்பியூட்டருக்கு அலுப்பு இல்ல. ஒரு வேலையைத் திருப்பித் திருப்பிச் செய் எண்டா செய்துகொண்டே இருக்கும். எப்ப நிப்பாட்டுறது எண்டு சொல்லுறதுதான் எங்கட வேலை. நிப்பாட்டத் தெரியாதவன் சுற்று எழுதக்கூடாது," என்று தொடங்குவார்.

எத்தனை தரம் என்று முன்பே தெரிந்த சுற்றை விளக்க, வீட்டுக்குள் இருந்து மாகிரட் அன்ரியின் செபமாலையைக் கொண்டுவந்து தூக்கிக் காட்டுவார். பத்து மணி உருட்டினால் ஒரு சுற்று, அந்தச் சுற்று முழுவதும் திரும்பவும் ஐந்து தரம், ஆகச் சுற்றுக்குள் சுற்று. "அம்மா நித்திரை தூங்கினாலும் விரல் கணக்கை விடாது" என்பார். உள்ளே படுத்திருக்கிற அன்ரி, "நான் எங்கயடி தூங்கினனான்?" என்று குரல் கொடுப்பா. வகுப்பு சிரிக்கும்.

எத்தனை தரம் என்று தெரியாத சுற்று இரண்டு வகை. ஒன்று செய்துபோட்டுப் பார்ப்பது, மற்றது பார்த்துப்போட்டுச் செய்வது.

"ஒரு வீட்டுக் கதவைத் தட்டுறம். தட்டிப்போட்டு ஆள் வருதோ எண்டு பாக்கிறம். வரேல்ல எண்டாத் திருப்பித் தட்டுறம். ஒருதரமாவது தட்டாமல் ஒண்டும் தெரியாது. கடல்ல இறங்கிறது அப்பிடியில்ல. நிலம் இருக்கோ எண்டு பாத்துப்போட்டுத்தான் கால் வைக்கோணும். இல்லையெண்டா முதல் அடியே வைக்கக்கூடாது. இந்த ரெண்டையும் மாறி எழுதினா ஆள் தாழும்."

அதற்குப் பிறகுதான் அவருடைய பெயர்போன பாடம் வரும். நிலாவெளி பஸ்ஸில் ஒட்டியிருக்கிற வாசகத்தை எழுதுவார்: 'பஸ் நிற்கும் வரை இறங்க வேண்டாம்.'

"என்ன விளங்குது?"

"பஸ் நிண்டாப் பிறகு இறங்கோணும், ரீச்சர்."

"அப்ப 'நான் இருக்கும் வரை பயப்பட வேண்டாம்' எண்டா? நான் இருந்தாப் பிறகு பயப்படோணுமோ?"

பிள்ளைகள் முழிப்பார்கள்.

"இங்கிலீசில ரெண்டுக்கும் ரெண்டு சொல்லு இருக்கு. எங்களுக்கு ஒரே வரை. ஒண்டு, அது நடக்கிற நேரம் முழுக்க. மற்றது, அது நடந்த உடன முடிஞ்சுது. மனிசர் எந்த வரை எண்டு முகத்தைப் பாத்து விளங்கிக்கொள்ளுவினம். மெசினுக்கு முகம் தெரியாது. அது நீங்கள் நினைச்சதைச் செய்யாது, சொன்னதைத்தான் செய்யும். விளங்கப்படுத்தாமல் விட்டுப்போட்டு அதில பிழை சொல்லக்கூடாது."

இந்த ஒரு சொல்லை வைத்துத்தான் அவர் ஓடத்தைச் செய்தார்.

ஓடம் என்பது சின்னப் பிள்ளைகள் தமிழிலேயே கட்டளை எழுதிப் பழகுகிற ஒரு கொம்பியூட்டர் விளையாட்டு. திரையில் கடல், ஒரு ஓடம், வலது பக்கம் கரை, மேலே காற்றுக்கொடி. 'திரும்பு', 'ஓடு', 'வலை போடு' என்று எழுதினால் ஓடம் அப்படியே செய்யும். சுற்றுக்கு அக்கா இரண்டு சொற்களைத் தனித்தனியாக வைத்தார். 'காற்று உள்ளவரை ஓடு' என்றால், காற்று இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து ஓடும். காற்று இல்லாவிட்டால் அசையாது. 'கரை வரும்வரை ஓடு' என்றால், ஒரு அடி ஓடிவிட்டு, கரை வந்துவிட்டதா என்று பார்க்கும், வந்தால் நிற்கும். உள்ளவரை, வரும்வரை. அந்த இரண்டு சொற்களுக்காக அவர் ஒரு வருசம் மண்டையை உடைத்தார்.

பிழையாக எழுதினால் ஓடம் கரையில் ஏறி, தென்னையில் ஏறி, திரையின் மறுபக்கத்தால் திரும்ப வரும். கரையைக் கடக்கிற ஒவ்வொரு தரமும் கப்பல் ஊதும். அந்த ஊதல், சீமெந்துக் கப்பல் ஒன்று துறைமுகத்துக்குள் வரும்போது அக்கா தன் கைத்தொலைபேசியில் பிடித்தது. "பிழை விட்டாப் பிள்ளைக்குச் சிரிப்பு வரோணும், பயம் வரக்கூடாது," என்றார். சுற்றிக்கொண்டேயிருக்கிற ஓடத்தை நிறுத்த ஒரேயொரு சொல் இருந்தது. 'நங்கூரம்' என்று அடித்தால் நின்றுவிடும். அந்தச் சொல்லை அக்கா வகுப்பில் இன்னும் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. வேறு எந்தப் பொத்தானை அமத்தினாலும் நிற்காது, ஏனென்றால் பிள்ளைகள் கண்டதையும் அமத்துவார்கள்.

இந்த மெல்ரோய் அக்காவின் வகுப்பில் கணிதம் படிப்பிக்க வந்து சேர்ந்தவன். ஆள் வடிவாகக் கதைப்பான், வடிவாக உடுப்பான். பிள்ளைகள் கூடினபோது கொம்பியூட்டர் பாடத்தையும் பாதி எடுத்தான். அக்கா அவனை நம்பினார். நம்பினதால்தான் மாகிரட் அன்ரி இரண்டாம் தரம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஓடம் இருந்த லப்டொப்பையும் வகுப்பையும் அவன் கையில் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரியே கதியென்று இருந்தார்.

அக்கா வீடு திரும்பியபோது ஓடம் மெல்ரோயினுடையதாகிவிட்டது. கொழும்பிலிருந்து வந்த ஒரு கல்வி நிதியத்துக்கு அதைக் காட்டி, நானே செய்தது என்று சொல்லியிருந்தான். அவர்களுக்கு அது நன்றாகப் பிடித்துவிட்டது. கிண்ணியாவிலிருந்து நிலாவெளி வரைக்கும் தமிழ்மொழிப் பள்ளிக்கூடங்கள் எல்லாவற்றுக்கும் கொடுப்பதாக முடிவாகி, பத்திரிகையில் அவனுடைய படம் வந்தது.

அக்கா அந்த நிதியத்தின் பொறுப்பாளர் கீர்த்தனியைத் தேடிப்போனார். நானும் கூடப் போனேன். மெல்ரோய் அங்கே இருந்தான். அக்கா சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, சிரித்துக்கொண்டு சொன்னான்:

"அஞ்சலினா எனக்கு ரைப் பண்ணித் தந்தவ, மிஸ். நல்ல உதவி. நான் அதை மறக்கயில்ல."

ரைப் பண்ணித் தந்தவ! எனக்குச் செருப்பைக் கழற்றலாம் போலிருந்தது. அக்காவின் கைவசம் காட்ட எதுவும் இல்லை. லப்டொப் வகுப்புக்குப் பொதுவானது, அவனுடைய பெயரில் வாங்கியது. கீர்த்தனி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வெளியீட்டு விழா அழைப்பிதழில் நன்றியாவது போடுவோம் என்றார். போட்டார்கள். அழைப்பிதழின் அடியில், மண்டப அலங்காரத்துக்கும் சிற்றுண்டிக்கும் நடுவில், 'தட்டச்சு உதவி: செல்வி அஞ்சலினா' என்று இருந்தது.

அன்றைக்குப் பிறகு மெல்ரோய் எங்கள் ஒழுங்கையால் வரவில்லை. ஆனால் பயம் இருந்திருக்கவேண்டும், கோயில் பங்குச் சபையிலிருக்கிற ஹெக்டர் அண்ணனைத் தூது அனுப்பினான். ஹெக்டர் அண்ணன் கேற்றுக்கு உள்ளே வந்து, என்ன இருந்தாலும் ஒரு கோயில் ஆக்கள், கதைத்துத் தீர்க்கலாமே என்று இழுத்தார். அக்காவின் குரல் இறங்கியது. கடை வாசலில் நின்ற எனக்கே மட்டுமட்டாகத்தான் கேட்டது.

"அவரிட்டச் சொல்லுங்கோ. அவர் என்ர கேற்றடியில நிக்கிற வரைக்கும் நான் கதவு திறக்கமாட்டன்."

ஹெக்டர் அண்ணன் தலையாட்டிக்கொண்டு வெளியே வந்தார். "ஆள் வந்து கேற்றடியில நிக்கோணுமாம். அதுக்குப் பிறகுதானாம் கதவு," என்று எனக்கும் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அது குறைவான தண்டனையாகப் பட்டது. நானாக இருந்தால் முழங்காலில் நிற்கச் சொல்லியிருப்பேன்.

விழாவுக்கு முன்னால் நிதியம் ஒரு காணொளி வெளியிட்டது. மெல்ரோய் ஓடத்தை ஓட்டிக் காட்டுகிறான். என் கடையில் இருந்துதான் அக்கா அதைப் பார்த்தார். முதல் தரம் பார்க்கும்போது அவருடைய முகத்தை எனக்குப் பார்க்க ஏலாமல் இருந்தது. பாதியில் நிறுத்தி, பின்னுக்கு இழுத்து, திரும்பவும் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"சிவா, இதைப் பார். இவர் ரெண்டு சொல்லையும் ஒண்டாக்கிப்போட்டார்."

உண்மைதான். உள்ளவரையும் இல்லை, வரும்வரையும் இல்லை. வெறும் 'வரை' மட்டும் இருந்தது. இரண்டு சொல் பிள்ளைகளுக்குக் குழப்பம், நான் எளிதாக்கியிருக்கிறேன் என்று காணொளியில் பெருமையாகச் சொன்னான். தன் கை பட்டதாக ஒன்று காட்டவேண்டும் என்று, இருந்த நல்ல காலை முறித்திருக்கிறான். அக்காவின் வகுப்பில் அத்தனை காலம் இருந்தும் பஸ் வாசகம் அவன் காதில் ஏறவில்லை.

"இப்ப எந்த வரை எண்டாலும் அது வரும்வரைதான். ஓடிப்போட்டுத்தான் பாக்கும். கரை எண்டு எழுதினாச் சரியா நிக்கும். காத்து எண்டு எழுதினா..." அக்கா விரலால் மேசையில் ஒரு வட்டம் கீறினார்.

அன்று பின்னேரம் அன்ரியின் கட்டிலடியில் இருந்து மூன்று பேரும் கதைத்தோம். அன்ரி நேராகவே கேட்டா:

"இப்ப நீ கூப்பிட்டுச் சொன்னா அவன் திருத்துவான்தானே? ஓடம் பள்ளிக்கூடங்களுக்குப் போகும். ஆற்ற பேரில போனால் என்ன, பிள்ளையள் படிக்குங்கள்."

"ஓம் அம்மா. போகும்."

"சொல்லாமல் விட்டா?"

"விழாவில உடைஞ்சா நிதியத்து ஆக்கள் பயந்திடுவினம். திருப்பித் தொடமாட்டினம். ஓடம் முடிஞ்சுது."

"அது உன்ர பிள்ளை மாதிரியெல்லோ!"

"என்ர பிள்ளைதான். அதுதான் அவரை அப்பா எண்டு கூப்பிட விடமாட்டன்."

அன்ரி செபமாலையை எடுத்து விரலில் சுற்றினா. "சுவாமியார் பிரசங்கத்தில என்ன சொன்னவர்? எத்தனை தரம் மன்னிக்கோணுமெண்டு ஆண்டவர் கணக்குச் சொல்லியிருக்கிறார்தானே?"

"கணக்குச் சொல்லியிருந்தா அது செபமாலைச் சுற்று, அம்மா. கணக்கு முடிஞ்சா வெளியில வரலாம்," என்றார் அக்கா.

அன்ரிக்குக் கோபம் வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டா. எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் பயமும் வந்தது. ஆனாலும் நான் அக்காவின் பக்கம்தான் நின்றேன். செய்யுங்கோ அக்கா, அவன்ர வடிவான வாயை ஒருக்கால் நிப்பாட்டுங்கோ என்று நானும் எண்ணெய் ஊற்றினேன்.

விழா நிலாவெளியில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் நடந்தது. நாங்கள் பஸ்ஸில் போனோம். இறங்கும்போது அக்கா அந்த வாசகத்தைத் தொட்டுக் காட்டிவிட்டு இறங்கினார். மண்டபம் நிறைய அதிபர்கள், ஆசிரியர்கள், வெள்ளைச் சீருடையில் பிள்ளைகள். அக்கா தன்னுடைய மாம்பழ நிறச் சேலையில் நடுவரிசையில், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி இருந்தார்.

மெல்ரோய் சட்டைக் கழுத்தில் ஒரு சின்ன மைக்கைக் கொழுவிக்கொண்டு மேடையில் நடந்து நடந்து கதைத்தான். தாய்மொழி, கனவு, உழைப்பு, நித்திரையில்லாத இரவுகள். ஒவ்வொரு சொல்லுக்கும் நான் பல்லைக் கடித்தேன். பிறகு ஒரு மாணவியைக் கூப்பிட்டுக் கட்டளை சொல்லச் சொன்னான். பிள்ளை 'கரை வரும் வரை ஓடு' என்றது. பெரிய திரையில் ஓடம் ஓடி, கரையில் அழகாக நின்றது. மண்டபம் கைதட்டியது.

"வேற ஆராவது ஒரு கட்டளை சொல்லுங்கோ பாப்பம்," என்றார் கீர்த்தனி.

அக்கா எழும்பினார். மெல்ரோயின் சிரிப்பு ஒரு கணம் மங்கித் திரும்பியது.

"காத்துக்கொடியை இறக்கிவிடுங்கோ," என்றார் அக்கா. குரல் மிகவும் இறங்கியிருந்தது. ஆனால் மண்டபம் அமைதியாக இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. "இறக்கிப்போட்டு, காற்று அடிக்கும் வரை ஓடு எண்டு எழுதுங்கோ."

அவ்வளவுதானா என்று அவனுக்கு நிம்மதி வந்துவிட்டது. சபையைப் பார்த்து விளங்கப்படுத்தவும் தொடங்கினான். "பாருங்கோ, இப்ப காற்று இல்லை. காற்று இல்லாட்டி ஓடம் ஓடாது. ஒரு அடிகூட அசையாது. நான் இதை அப்பிடித்தான் வடிவமைச்சிருக்கிறன்."

எழுதினான். அமத்தினான். ஓடம் ஓடியது.

காற்றில்லாத கடலில் ஓடியது. கரையில் ஏறியது. கப்பல் ஊதியது. மண்டபத்தின் பெரிய ஒலிபெருக்கிகளில் அந்தச் சீமெந்துக் கப்பல் ஊதியபோது முன்வரிசை அதிபர் ஒருவர் கதிரையில் துள்ளினார். ஓடம் தென்னையில் ஏறி மறைந்து, மறுபக்கத்தால் வந்து, திரும்பவும் கரையில் ஏறியது. திரும்பவும் ஊதியது. காற்று அடிக்கும் வரை ஓடு என்றால், காற்று அடித்தால்தான் நிற்கவேண்டும். கொடி இறங்கியிருக்கிறது. ஓடுகிற ஓடத்தில் கொடியை ஏற்ற முடியாது. ஆகவே அது நிற்கப்போவதில்லை.

பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கினார்கள். பிழை விட்டால் சிரிப்பு வரவேண்டும் என்று அக்கா செய்து வைத்தது அத்தனை பேர் முன்னாலும் வேலை செய்தது. மெல்ரோய் ஒரு பொத்தானை அமத்தினான். இன்னொன்றை அமத்தினான். பிறகு கைக்கு வந்ததையெல்லாம் அமத்தினான். ஓடம் ஓடியது, கப்பல் ஊதியது. அவனுடைய வடிவான சேர்ட் முதுகோடு ஒட்டிக்கொண்டது. நான் அந்த முதுகைப் பார்த்துப் பார்த்துச் சந்தோசப்பட்டேன். பொய் சொல்ல மாட்டேன், அவ்வளவு சந்தோசம் எனக்கு என் கலியாணத்திலும் வரவில்லை.

கடைசியில் அவன் மேடையின் விளிம்புக்கு வந்து, குனிந்து, அக்காவைப் பார்த்து மெதுவாகக் கேட்டான். கழுத்தில் மைக் இருப்பதை மறந்துபோனான்.

"அஞ்சலினா, இதை எப்பிடி நிப்பாட்டுறது?"

மண்டபம் முழுக்க அது கேட்டது. கீர்த்தனி கதிரையிலிருந்து எழும்பினார். "நீங்கள்தானே செய்தனீங்கள், மெல்ரோய்? அவவிட்ட ஏன் கேக்கிறீங்கள்?"

எல்லாரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரேயொரு சொல்தான். நங்கூரம் என்று சொன்னால் ஓடம் நின்றிருக்கும். அக்கா ஏதாவது ஒரு விளக்கம் சொல்லிச் சமாளித்திருக்கலாம், ஓடமும் பள்ளிக்கூடங்களுக்குப் போயிருக்கும். அந்தச் சொல் அவருடைய வாய்க்குள் இருந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். தாடை இறுகியிருந்தது.

"நான் ரைப் பண்ணினனான் மட்டும்தானே, சேர்," என்றார் அக்கா. "நிப்பாட்டுறது எனக்கெப்பிடித் தெரியும்?"

ஹோட்டல்காரர் ஒருவர் ஓடிவந்து ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கினார். ஊதல் நின்றது. திரையில் ஓடம் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. நாங்கள் வெளியே வரும்போதும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

அக்கா சொன்னது போலவே நடந்தது. நிதியம் கையை எடுத்துவிட்டது. தமிழில் இதெல்லாம் சரிவராது என்று யாரோ ஒருவர் அறிக்கை எழுதினாராம். பள்ளிக்கூடங்களுக்கு இங்கிலீசில் வேறு ஏதோ வந்தது. அந்தச் செய்தியை நான் சொன்னபோது அக்கா குசினிக்குள் போய் நெடுநேரம் வரவில்லை. அழுதாரா என்று தெரியாது, நான் எட்டிப் பார்க்கவில்லை. வந்தபோது, "தமிழ் என்ன பிழை செய்தது?" என்று மட்டும் கேட்டார்.

மெல்ரோயின் பாடு அதைவிட மோசம். 'இதை எப்பிடி நிப்பாட்டுறது' என்பது ஊருக்குள் ஒரு கதையாகிவிட்டது. யாராவது பெரிய கதை அளந்தால், பக்கத்திலிருப்பவன் கப்பல் மாதிரி ஊதுவான். தனியாகத் தொடங்கிய வகுப்பில் பிள்ளைகள் கரைந்துபோனார்கள். குறிஞ்சாக்கேணிப் பக்கம் ஒரு இடம் எடுத்துப் பார்த்தான், அங்கேயும் அந்தக் கதை அவனுக்கு முன்னமே போய்ச் சேர்ந்திருந்தது. கோயிலுக்கு வருவதையும் விட்டுவிட்டான் என்று ஹெக்டர் அண்ணன் வந்து கவலைப்பட்டார். "கேற்றடிக்கு வரச்சொல்லுங்கோ, அவதான் வழி சொல்லியிருக்கிறாவே," என்றேன் நான். எனக்கும் ஆறியிருந்தது. அவ்வளவு விழுந்த ஆளை இன்னும் எங்கே போட்டு மிதிப்பது?

மாரி மழை தொடங்கிய கிழமை அவன் வந்தான். மத்தியானம், வகுப்புத் தொடங்க இன்னும் நேரம் இருந்தது. குடை இல்லை. பச்சைக் கேற்றுக்கு முன்னால் நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அஞ்சலினா ரீச்சர்" என்று கூப்பிட்டான். ரீச்சர் என்று அவன் கூப்பிட்டு நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அக்கா விறாந்தைக்கு வந்தார். கதிரையொன்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஓடம் நீங்கள் செய்தது," என்றான் மெல்ரோய். ஒழுங்கை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னான். பக்கத்து வீடுகளின் சன்னல்கள் திறந்தன. "நான் களவெடுத்தனான். நீங்கள் ஆஸ்பத்திரியில நிக்கேக்க களவெடுத்தனான். ரைப் பண்ணினவ எண்டு சொன்னது பொய். என்ர பிள்ளையளின்ர முகத்தைப் பாக்க ஏலாமல் இருக்கு. என்னை மன்னியுங்கோ. ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, காணும்."

மழை அவன் முகத்தில் அடித்து வழிந்தது. அவனை 'அவர்' என்று சொல்ல எனக்கு அன்றுதான் முதல்தரம் வாய் வந்தது. சொல்லவில்லை, ஆனால் வந்தது.

நான் ஒழுங்கையைக் கடந்து, பின்பக்க வழியால் வீட்டுக்குள் ஓடினேன். அன்ரி கட்டிலில் எழும்பி இருந்து, "திறக்கச் சொல்லு, சிவா. நனையிறான் எல்லோ. திறக்கச் சொல்லு," என்று அழுதுகொண்டிருந்தா. நான் விறாந்தைக்குப் போய் அக்காவின் கையைப் பிடித்தேன்.

"அக்கா, வந்து நிக்கிறான். நீங்கள் சொன்ன மாதிரியே வந்து நிக்கிறான். திறவுங்கோ."

"நான் என்ன சொன்னனான், சிவா?"

"அவர் கேற்றடியில நிக்கிற வரைக்கும் கதவு திறக்கமாட்டன் எண்டு."

"ஓம்," என்றார் அக்கா. "நிக்கிறார்தானே. எப்பிடித் திறக்கிறது?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது கையை விட்டுவிட்டேன். அத்தனை காலமும் ஹெக்டர் அண்ணனும், அன்ரியும், நானும், அந்த மெல்ரோயும் மற்ற வரையைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறோம். அவன் வந்து நின்றதும் கோபம் முடியும் என்று நினைத்தோம். அக்கா சொன்னது, அவன் நிற்கிற நேரம் முழுக்க. அவன் எவ்வளவு நேரம் நின்றாலும், அவ்வளவு நேரமும்.

"பாவம் அக்கா," என்றேன். நான்தான் அதைச் சொன்னேன் என்று எனக்கே நம்ப ஏலாமல் இருந்தது.

"நான் சொன்னதைத்தான் செய்யிறன்," என்றார் அக்கா. "உங்களுக்கு விளங்காதது என்ர பிழையே?"

அவர் கேற்றுக்குக் கிட்டவும் போகவில்லை, உள்ளேயும் போகவில்லை. அவனைப் பார்த்தபடியே நின்றார். மெல்ரோய் கம்பியைப் பிடித்தபடி நின்றான். இடையில் இரண்டு தரம் கூப்பிட்டான், பிறகு கூப்பிடவில்லை. மழை கொஞ்சம் குறைந்தபோது கம்பியிலிருந்து கையை எடுத்தான். எங்கள் இருவரையும் ஒருதரம் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு வீதிப் பக்கமாக ஏறிப் போனான்.

அவன் திருப்பத்தில் மறைந்ததும் அக்கா முற்றத்தில் இறங்கினார். சேறு காலில் ஏற நடந்துபோய், கொண்டியைக் கழற்றி, பச்சைக் கேற்றின் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்து வைத்தார். திறந்த கேற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு வெறும் ஒழுங்கையைப் பார்த்து நின்றார். சேலை முழுக்க நனைந்துவிட்டது. உள்ளே வரச்சொல்லி நான் கூப்பிட்டது அவருக்குக் கேட்கவில்லை.

அன்று பின்னேரம் முழுக்க அந்தக் கேற் திறந்தே கிடந்தது. மெல்ரோய் திரும்பி வரவில்லை.